ஒரு பிடித் தவிடு

சிலிபின், ஈப்போ
6 பிப்ரவரி 1927

என் அன்புக்குரிய இருளாயி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் நவமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

இங்கே நான் பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன், எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன் என்று உறுதி சொல்லித் தொடங்குகிறேன். இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் சதாசிவம் வாத்தியாரும் கேட்டுக்கொள்ளட்டும். பொய் எழுதுவதற்குப் பேசாமல் இருக்கலாம் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் போனபிறகு, டவுனில் படிக்க வைக்கிறேன் என்று சன்னாசிப் பெரியப்பா என்னைக் கூட்டி வந்தார் அல்லவா? அவரிடம் பால் மாடுகள் இருக்கின்றன. வீடு வீடாகப் பால் ஊற்றுகிறோம். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வரும், இங்கே மாட்டில் வருகிறது. இரண்டுக்கும் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும்.

மாடுகள் சாதுவானவை. அவை மூச்சு விடுவதும் அசைபோடுவதும் தலைமாட்டிலேயே கேட்கும். அதனால் எனக்கு அம்மா நினைவு வந்தாலும் தனியாக இருப்பதுபோல் தோன்றாது. நல்லம்மாள் பெரியம்மா மிகவும் சுறுசுறுப்பானவர். நானும் அப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறார். பால் வேலை சீக்கிரம் முடிகிற நாட்களில் பள்ளிக்கூடம் போகிறேன்.

பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார். இந்தக் கடிதத்தைத் தாமே படித்துப் பார்த்தபிறகுதான் தபால் தலை ஒட்டுவாராம். ஆகையால் இத்துடன் முடிக்கிறேன். முனியாண்டி கோயில் மண்குதிரை வெள்ளத்தில் தப்பியதா?

உங்கள் நவமணி


சுங்கை சிப்புட், இரண்டாம் டிவிஷன் லயம்
27 பிப்ரவரி 1927

செல்வி நவமணிக்கு அத்தை இருளாயியின் ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் நலம். எழுதுவது சதாசிவம் வாத்தியார். நான் நல்ல தமிழில் எழுதத் தொடங்கினேன். உன் அத்தை பேனாவைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுறத பேசுற மாதிரியே போடுங்க வாத்தியாரே. இல்லாட்டி யாரோ எழுதுனாப்ல இருக்கும்" என்றாள். இனி அவள் சொல்.

ஏ புள்ள, முட்டிவலி அதுபாட்டுக்கு இருக்கு, நானும் என்பாட்டுக்கு இருக்கேன். இப்ப எனக்குக் குடுத்திருக்குறது ஒங்கம்மா காளியம்மா பால் வெட்டுன மர நெரை. அவ போட்ட வெட்டு எப்படி இருக்குன்ற! கோடு கிழிச்சாப்ல இருக்கு. அது மேலயே கத்திய வைக்க மனசு வரமாட்டேங்குது.

முனியாண்டி குதிரை தப்பிச்சிருச்சு. எடது காது மட்டும் ஒடஞ்சு போச்சு. பூசாரி பத்துமலை, புதுக்குதிர செய்யணும்னாரு. நான் மங்குல மரத்துப்பால் எடுத்துட்டுப் போயி ஒட்டி வச்சுட்டேன். கொஞ்சம் கோணலா நிக்குது. நீ வந்து தடவிப் பாரு.

பால் ஸ்டோருல எஞ்சின் வச்சு வெளக்குப் போட்டிருக்காங்க. பகலாட்டம் இருக்கு. நீ இருந்தா அதுக்குக் கீழயே ஒக்காந்து படிப்ப.

மாடு மூச்சு விடுறது தலமாட்டுல கேக்குதுன்னு எழுதியிருக்க. மாட்ட வீட்டுக்குள்ள கட்டியிருக்காங்களா, இல்ல ஒன்னைய மாட்டுக் கொட்டாயில கட்டியிருக்காங்களா? எங்கண்ணன் படிக்கிறதுன்னா படிக்கட்டும்லா. அவரையும் சேத்துத்தான் கேக்குறேன்.

இவ்வாறு சொன்னவள் இருளாயி. எழுதியவன் சதாசிவம்.


சிலிபின்
20 மார்ச் 1927

அன்புள்ள அத்தைக்கு நவமணியின் வணக்கம். இங்கே யாவரும் சுகம். காது ஒட்டிய குதிரையை நினைத்துச் சிரித்தேன். அங்கே நீங்களும் வாத்தியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்வியைப் பெரியப்பா பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கொட்டகை நல்ல காற்றோட்டமானது என்று எழுதச் சொன்னார். கொட்டகை நல்ல காற்றோட்டமானதுதான். அது உண்மை.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது கையில் கொதிக்கும் பால் பட்டுவிட்டது. பால் பொங்கியது என்று எழுதலாம் என்றார்கள். பால் பொங்கியது. அதுவும் உண்மை.

என் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. பரண்மேல் இருக்கின்றன, எனக்கு எட்டாது. பால் ஊற்றப் போகும் வழியில் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போகிறேன்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடிக்கச் சொன்னார்கள்.

உங்கள் நவமணி


சுங்கை சிப்புட்
29 மே 1927

நவமணிக்கு அத்தையின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை. சித்திரையில் ஒரு கடிதம் போட்டோம், பதில் இல்லை. நீ அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பேனாவை நன்றாக அழுத்தி அடித்திருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. இனி உன் அத்தை சொல்கிறாள்.

ஏ புள்ள, கையில பட்டது ஆறுச்சா? கேட்டா ஒரு பதிலும் இல்ல. தபாலு வார அன்னிக்கெல்லாம் ஆபீசு வாசல்ல போயி நிக்கிறேன். கணக்கெழுதுற கிராணியாரு மலையாளத்தாரு, நம்ம எழுத்துல ஆளுங்க பேருக்கு மேல அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஒனக்கு ஒண்ணும் இல்ல இருளாயி, போ போ"ன்னு கோழிய வெரட்டுறாப்ல வெரட்டுறாரு. இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். அப்புறம் நானே கெளம்பி வாரேன். தொரை லீவு தரலேன்னாலும் வாரேன்.

வாத்தியாராகிய நான் எழுதுவது: என்னைச் சில மாதங்களுக்குச் செமோர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நாளை புறப்படுகிறேன். லயத்து வீடுகளில் தமிழ் படிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. நீ எழுதும் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் அத்தை செமோருக்குத்தான் வர வேண்டும். விலாசம் கீழே.

சதாசிவம்


சிலிபின்
10 ஜூலை 1927
(கார்டு)

அத்தைக்கு நவமணி வணக்கம். எல்லோரும் சுகம். பெரியம்மா என்னைப் பினாங்கில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார். நல்ல வீடாம். பள்ளிக்கூடம் கிடையாது. கடிதம் எழுதவும் அந்த வீட்டில் விடமாட்டார்களாம். வெள்ளிக்கிழமை ஆள் வந்து ரயிலில் கூட்டிப் போவார். நான் அழவில்லை. பெரியப்பா பக்கத்தில் நிற்கிறார், விலாசத்தை அவரே எழுதுவார். அடுப்பு வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், கை கழுவ விடவில்லை. குதிரையின் காதை எனக்காக நீங்களே தடவிவிடுங்கள்.

நவமணி


சுங்கை சிப்புட், இரண்டாம் டிவிஷன்
17 ஜூலை 1927

மதிப்புக்குரிய சதாசிவம் வாத்தியார் அவர்களுக்கு நவமணியின் வணக்கம். நான் சுகம், அத்தையும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

மேலே ஊரின் பெயரைத் தவறாக எழுதவில்லை. நான் லயத்தில்தான் இருக்கிறேன். எப்படி வந்தேன் என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவது கடினம். ஆனாலும் நான் உங்களிடம் படித்தவள்.

முதலில் இங்கே நடந்தது. நான் போட்ட கார்டு செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. என் கட்டைவிரல் கரி அதன் மூலையில் அப்பிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூலையில் கருப்புத் தடவி வரும் கார்டு என்ன கார்டு என்று உங்களுக்குத் தெரியும். கிராணியார் அதை நீட்டியதும் அத்தை மூலையைப் பார்த்தார், என் கடிதங்களில் பார்த்துப் பழகிய சிலிபின் முத்திரையைப் பார்த்தார், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செமோருக்குக் கொண்டுபோய்ப் படித்து வரலாம் என்று யாரோ சொன்னதற்கு, "சாவுக் காயிதத்துல படிக்க என்ன இருக்கு?" என்றாராம். லயத்துப் பெண்கள் எல்லோரும் ஒப்பாரி வைத்து, ஆற்றில் தலைமுழுகினார்கள். எனக்காக!

சாவுக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதே. அத்தை ஈரச் சேலையோடு முனியாண்டி கோயிலுக்குப் போய், அதைக் குதிரையின் வாயில் செருகிவிட்டு, சாமியைத் திட்டியிருக்கிறார். "காவக்காரன்னு பேரு வச்சுக்கிட்டு நிக்கிற. ஒன் எல்லையில பொறந்த புள்ளைய எல்ல தாண்டி விட்டுட்டுச் சுருட்டுக் கேக்குதா ஒனக்கு? போயிக் கொண்டா!" இதைப் பூசாரி பத்துமலை சொன்னார். அத்தை, "இன்னும் நெறையத் திட்டுனேன், அதெல்லாம் எழுதாத" என்கிறார்.

இனி சிலிபினில் நடந்தது. வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் பினாங்குக்கு ஆள் வருகிறார். மாட்டுக்குத் தவிடு கலந்துவிட்டு, பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கரையில் புல் அறுக்கப் போனேன். பெருமழை பிடித்தது. காலித் தவிட்டுச் சாக்கைத் தலைவழியே கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றேன். பானையோடு பானை மோதுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மணல்மேட்டுக்கு மேலே நம் குதிரை வந்தது.

செம்மண் உடம்பு, சுண்ணாம்புக் கண், பால் ஒட்டிய கோணல் காது. வாயில் என் கார்டு. என் கையெழுத்தையும் என் கரியையும் அப்போதுதான் பார்த்தேன். குதிரை முன்காலை மடக்கியது. நான் ஏறிக்கொண்டேன். புல்லறுத்த அரிவாளை அங்கேயே வைத்துவிட்டேன். அது பெரியப்பாவுடையது.

வாத்தியாரே, அது குட்டைகளின் தண்ணீர்மேல் ஓடியது. ஒவ்வொரு குளம்படிக்கும் தண்ணீர் சட்டிபோல் குழிந்து நின்றது. ரயில் பாதையோரம் ஒரு ரயிலை முந்தினோம். ஜன்னலில் இருந்த ஒரு சீனக் குழந்தை மட்டும் கை காட்டியது. ஆனால் குதிரை சுடாத மண் அல்லவா? மழையில் அதன் கழுத்து குழைந்து என் கையோடு வந்தது. சாக்கைக் கழற்றி அதன் தலைக்கும் காதுக்கும் போர்த்தினேன். நான் நனைந்தால் கரைய மாட்டேன்.

மழைக்கு ஒதுங்குவதுபோல் அது ஒரு சுண்ணாம்புமலைக் குகைக்குள் புகுந்தது. உள்ளே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவார்களே, அதேதான். வரிசையாக ஆட்கள், கையில் பால் வாளி. கூப்பிடும் கங்காணியின் முகம் தெரியவில்லை. "மாயாண்டி!" "இருக்கேன்." அது அப்பாவின் குரல். "காளியம்மா!" "இருக்கேன்." அதற்கு அடுத்து, "நவமணி!" என்று கூப்பிட்டார்கள்.

லயமே எனக்குத் தலைமுழுகியிருந்ததால் என் பெயர் அந்தக் கணக்கில் ஏறிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. வாய் தானாகத் திறந்தது. பதில் சொன்னால் அம்மாவின் பக்கத்தில் போய் நிற்கலாம். வரிசையிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்து, தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தெரியாதவர்போல் முன்னால் பார்த்துக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். குதிரை குகையின் மறுபக்கம் பாய்ந்து வெளியே வந்துவிட்டது. அங்கே வெயில்.

அத்தை கோயிலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அலறவில்லை. தொடையில் கிள்ளினார். நான் "ஆ" என்றதும்தான் அழுதார்.

எனக்கு நாக்கு இன்னும் வலிக்கிறது. பெரியப்பா வருவாரா என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்க்கிறேன்.

உங்கள் மாணவி நவமணி


செமோர்
28 ஜூலை 1927

செல்வி நவமணிக்கு ஆசிகள். நான் நலம். இருமல் உண்டு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ரயில் இருக்கிறது, லாரிகளும் போகின்றன. யாராவது இரக்கப்பட்டு உன்னை ஏற்றி வந்திருந்தால் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நீ எண்ணியிருக்கலாம். அது நல்ல எண்ணம். என்னிடம் மட்டும் சொல்.

இது ஒருபுறம் இருக்க, உன் பெரியப்பா நேற்று என்னைத் தேடி இங்கே வந்தார். "பினாங்குக்காரன் கிட்ட நான் என்ன பதில் சொல்றது? வாத்தியாரே, நீர் எழுத்துச் சொல்லிக் குடுத்துத்தான் அந்தக் கழுதை கெட்டுப் போச்சு" என்று பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். தகப்பனில்லாத பெண்ணுக்குத் தகப்பனின் அண்ணன்தான் பொறுப்பு. துரையிடம் போனாலும் அவர் பக்கம்தான் பேச்சு நிற்கும். உன் அத்தையிடம் இதை மெதுவாகச் சொல். அவளிடம் என்ன பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

சதாசிவம்


சுங்கை சிப்புட், இரண்டாம் டிவிஷன்
7 ஆகஸ்ட் 1927

மதிப்புக்குரிய வாத்தியார் அவர்களுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், இதை இன்று உறுதியாக எழுத முடிகிறது. உங்கள் இருமலுக்கு அத்தை சுக்கு அனுப்புகிறார்.

யாரும் என்னை ரயிலில் ஏற்றவில்லை. நான் எழுதியது நடந்ததுதான்.

பெரியப்பா போன ஞாயிறே வந்தார். லயத்துக்கு முன்னால் நின்று, "ஏம்மா இருளாயி, ஓடியாந்த கழுதைய ஒளிச்சு வச்சிருக்கியா?" என்றார். நான் அத்தைக்குப் பின்னால்தான் நின்றேன். பால் வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே," என்றார் அத்தை. "மோரு குடிங்க. யாரத் தேடி வந்தீங்க?"

"எந்தம்பி மகளத்தான். நவமணிய."

"நவமணி செத்துப் போச்சேண்ணே! காயிதம் ஒங்க வீட்டுலேருந்துதான வந்துச்சு? லயமே தலமுழுகுச்சு. ஏண்ணே, நீங்க முழுகலியா? சொந்தத் தம்பி மகளுக்கு ஒரு முழுக்குக்கூடப் போடலியா?"

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. "என்னா காயிதம்? எந்தப் பய போட்டான்?"

அத்தை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். குதிரையின் வாயில் கார்டு இருந்தது. மூலையில் கரி, மறுபக்கம் விலாசம். பெரியப்பா தம் கையெழுத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைக் காட்டி, "அப்ப இது யாரு? பேயா?" என்று கத்தினார்.

பூசாரி பத்துமலை அப்போதுதான் பேசினார். "இது முனியாண்டி கொண்டாந்த புள்ளப்பா. சாமியோட பொருளு. சாமிகிட்ட இருக்குற புள்ளைய எப்படி வாங்கணும்னு ஒனக்குத் தெரியாதா? தவிட்டுக்குத்தான் வாங்கணும். நீயும் கேக்கலாம். தவிடு வச்சிருக்கியா?"

"வீடு நெறைய வச்சிருக்கேன்யா! மாடு வளக்குறவன்கிட்டயா கேக்குற?"

"வீட்டுல இருக்குறது சாமிக்குத் தெரியாது. இப்ப கையில இருக்கா?"

அத்தை குதிரையின் கழுத்தில் கிடந்த சாக்கை எடுத்தார். நான் போர்த்திய சாக்கு. அதை யாரும் தொடவில்லை. அடியோரத்தைப் பிரித்து உதறினார். மழையில் ஊறிக் காய்ந்த தவிடு கட்டியாக விழுந்தது. நசுக்கினால் ஒரு பிடி இருக்கும். அதை முறத்தில் வைத்துச் சாமிக்கு முன்னால் நீட்டினார்.

"சாமி, இந்தா. எங்கண்ணன் மாட்டுத் தவிடுதான், கலப்படம் இல்ல. புள்ளைய எங்கிட்டக் குடு."

பூசாரி என் கையைப் பிடித்து அத்தையின் கையில் வைத்தார். கொதித்த பால் பட்ட கை. அந்தத் தழும்பை லயத்தார் எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பும் நின்றுவிட்டது. அத்தை பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் குதிரையின் கால்கள் பட்டன. முழங்கால் வரை வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. நம் தோட்டத்து மண் சிவப்பு. அந்த வெள்ளை மணல், சிலிபின் குட்டைக்கரையில் அவர் தினமும் மிதிக்கும் மணல். குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அரிவாள் குட்டைக்கரை மரத்தடியில் இருக்கிறது என்று பின்னால் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

அத்தை அந்தக் கார்டைக் கிழித்து ஆற்றில் விட்டார். ஆகையால் உங்களுக்குக் காட்ட அது இல்லை. நீங்கள் நேரில் வந்தால் மணலைக் காட்டுகிறேன். மழை வருவதற்குள் வாருங்கள்.

இன்னொன்று. பழைய பெயரால் இனி என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். குகையில் அந்தப் பெயரை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்களாம். யாராவது இங்கே கூப்பிட்டு நான் பதில் சொன்னால், அது அங்கேயும் கேட்குமாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு வைக்கும் பெயரையே எனக்கும் வைத்திருக்கிறார்கள், தவிட்டம்மாள். நீங்கள் திரும்பி வந்ததும் பள்ளிக்கூடப் பதிவிலும் அப்படியே மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். நவமணி என்பது அம்மா வைத்த பெயர். அதை அம்மாவிடமே விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது லயத்துக் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுகிறேன். எழுத உட்காருமுன் அத்தை என் இரண்டு கையையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைத் தருகிறார். இந்தக் கடிதத்தை ஸ்டோர் விளக்கின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை பக்கத்தில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிரித்துக்கொண்டு, "சுக்கப் பத்தி எழுதிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எழுதிவிட்டேன்.

எஞ்சின் பார்க்கும் இராமசாமி அண்ணன், வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "தவிட்டம்மா! இன்னும் இருக்கியா? நிறுத்தப் போறேன்லா!" என்கிறார்.

"இருக்கேன்," என்று சொன்னேன். எனக்கே கேட்கும்படி உரக்கத்தான் சொன்னேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள், இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.